சலங்கையைக் கழற்றும் வயது

 

ஆம்பூரில் பேச அழைத்தால் எல்லோரும் எதைப் பற்றிப் பேசுவார்கள்? தோலைப் பற்றிப் பேசுவார்கள். பாலாற்றைப் பற்றிப் பேசுவார்கள். கடைசியில் பிரியாணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் இன்று மூன்றையும் விட்டுவிடுகிறேன். ஆடிக்கொண்டிருந்த நம் பையன்கள் மீசை அரும்பும் வயதில் ஏன் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள், அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம், இதுதான் இன்றைய பொருள்.

ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தெருவிலும் இருப்பான். மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் பட்டு வேட்டி கட்டி ஆடினான். அத்தை செல்போனில் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள். ஆயா மிளகாய் சுற்றித் திருஷ்டி கழித்தாள். நைனா சம்பள நாளில் சலங்கை வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கினான். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் திரும்பிப் பார்த்தான். நடன வகுப்பில் அவன் ஒருவன்தான் பையன். ஏழாம் வகுப்பில் நடன வகுப்பு நாள் வந்தாலே வயிற்றுவலி வந்தது. எட்டாம் வகுப்பில் சலங்கை பரண்மேல் ஏறிவிட்டது.

யாராவது கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை. ‘சரி, படிக்கட்டும்’ என்று வீடு நினைத்தது. ‘பையன்களே இப்படித்தான், நிலைக்க மாட்டார்கள்’ என்று ஆசிரியை நினைத்தார். ‘எனக்கு வரவில்லை’ என்று பையன் நினைத்தான். மூன்று பேரும் நினைத்தது தவறு. அதில் பையன் நினைத்ததுதான் பெரிய தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதில் விறுவிறுவென்று வளர்கிறார்கள். பையன்களுக்கு அந்த வேகம் 13, 14 வயதில்தான் வருகிறது. அந்த ஓராண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் உயரும் பையன்கள் உண்டு. எலும்பு முன்னால் ஓடுகிறது. தசையும் தசைநாணும் பின்னால் வருகின்றன. உடம்பு இறுகிப்போகிறது. போன ஆண்டு அழகாக அரைமண்டியில் உட்கார்ந்தவன் இந்த ஆண்டு பாதிதான் உட்காருகிறான். சுற்றி நிற்கும் இடத்தில் தள்ளாடுகிறான். கை எங்கே முடிகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ‘முன்னெல்லாம் நல்லா உக்காருவியே, இப்ப இன்னா சோம்பேறித்தனம்?’ என்று ஆசிரியை கேட்கிறார். பக்கத்தில் ஆடும் பெண்ணுக்கு அந்தக் கண்டம் இரண்டு ஆண்டுக்கு முன்பே கழிந்துவிட்டது. அவள் நேராக நிற்கிறாள். இவன் அவளைப் பார்க்கிறான், தன்னைப் பார்க்கிறான், முடிவு கட்டிவிடுகிறான்.

இன்னொன்றும் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம், ஒரு சிறு புடைப்பு. தொட்டால் வலிக்கும், குதித்தால் உயிர் போகும். வளரும் வயதில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வருவது. தொடைத்தசையின் நாண், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு முனையை இழுப்பதால் வருகிறது. மருத்துவர்கள் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர் சொல்வார்கள். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் அதுவரை சிமெண்டுத் தரையில் தட்டடவை நூறு முறை போடச் சொன்னால் அந்தப் பையன் என்ன செய்வான்? வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். பையன் அழக் கூடாது என்று நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோமே! வயிற்றுவலி என்பான். வகுப்புக்கு வரமாட்டான்.

நடன ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 13 வயதுப் பையன் திடீரென்று மோசமாக ஆடினால் முதலில் அவன் உயரத்தை அளந்து பாருங்கள். குதிப்பதைக் குறையுங்கள். அந்த ஆண்டு முழுவதும் அபிநயம் சொல்லிக் கொடுங்கள், தாளம் சொல்லிக் கொடுங்கள், நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள். ‘உனக்குத் திறமை போகவில்லை தம்பி, கால் நீண்டிருக்கிறது’ என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

சரி, உடம்பு ஒரு பக்கம். ஊர் வாய்?

பள்ளிக்கூட வராந்தாவில் அவனை ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எந்த எண் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். சிரித்தவர்களும் இங்கே இருக்கலாம், பட்டவர்களும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லில் இரண்டு பேரை அடிக்கிறோம். ஆடும் பையனை அடிக்கிறோம்; திருநங்கைகளின் வாழ்க்கையையே வசவாக மாற்றுகிறோம். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் அந்தச் சிரிப்பையெல்லாம் தாண்டித் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் கற்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தாண்டினார் என்பதற்காக ஒவ்வொரு பிள்ளையும் தாண்ட வேண்டுமா? தாண்டும்படி வழியில் வைத்தது யார்?

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அதே பையன் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் டப்பாங்குத்து ஆடினால் விசில் அடிக்கிறோம். தலைவர் படம் வெளியாகும் நாளில் தியேட்டர் வாசலில் ஆடினால் தோளில் தூக்குகிறோம். அரைமண்டியில் உட்கார்ந்து கண்ணை உருட்டினால் மட்டும் சிரிப்பு வருகிறது. அப்படியானால் நாம் சிரிப்பது ஆட்டத்தைப் பார்த்து அல்ல. ஒரு பையன் மெதுவாக, நுணுக்கமாக, முகத்தில் உணர்ச்சி தெரிய எதையாவது செய்தால் நமக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் வழக்கமாகத் தில்லைக்குப் போவார்கள். ‘ஆடுகின்ற கடவுளே ஆண்தானே’ என்பார்கள். நான் போகவில்லை. வராந்தாவில் அடிபடும் பையனுக்கு நடராசர் வந்து துணை நிற்பதில்லை. அவனுக்கு வேண்டியது, அவன் கண்ணால் பார்க்கக்கூடிய, அவன் ஊர்ப்பக்கத்து மனிதன்.

அப்படிப்பட்டவர்கள் இந்த மண்ணில் இல்லையா? இல்லையென்று யார் சொன்னது?

நாம் இருப்பது பழைய வட ஆர்க்காடு. 1989 வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே மாவட்டம். இது தெருக்கூத்து மண். செய்யாறு பக்கத்தில் புரிசை என்று ஒரு கிராமம். கண்ணப்ப தம்பிரான் வாழ்ந்த ஊர். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம். சென்னையில் நவீன நாடகம் செய்தவர்கள், கூத்துப்பட்டறை ந. முத்துசாமி முதலானவர்கள், அந்தக் கிராமத்துக்குத்தான் பாடம் கேட்க வந்தார்கள். புத்தகம் படித்தவர்கள் கூத்தாடியின் வாசலில் வந்து நின்றார்கள்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் காலத்தில் ஒரு ராத்திரி போய் உட்காருங்கள். பையனையும் கூட்டிப் போங்கள். ஆட்டம் தொடங்கும் முன் வேடம் கட்டும் இடத்துக்குப் பின்பக்கமாகப் போங்கள். பகலில் ஏர் பிடித்தவர், டீக்கடை வைத்திருப்பவர், ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அரிதாரம் பூசுகிறார். மூக்கு நுனியிலிருந்து புருவம் வரை கோடு இழுக்கிறார், கை நடுங்குவதில்லை. இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இறுக்குகிறார்கள். இடுப்பில் குடையாக விரியும் பாவாடை. கணுக்காலிலிருந்து மேலே சலங்கை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். முகவீணை கத்துகிறது. திரை விலகியதும் துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றுகிறார். பாவாடை சக்கரமாக எழுகிறது. விடியும் வரை ஆட்டம்.

துரியோதனன் கட்டியிருப்பது பாவாடைதான். யாராவது சிரித்தார்களா? திரௌபதி வேடம் கட்டியிருப்பவரும் ஓர் ஆண்தான். துகிலுரியும் கட்டத்தில் அவர் முன்னால் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். யாராவது ஓர் எண்ணைச் சொன்னார்களா? சொல்ல நாக்கு வருமா? இப்படி ஒரு மண்ணில் இருந்துகொண்டு ‘ஆட்டம் பொம்பளை சமாச்சாரம்’ என்று பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். பெரியவரான பிறகு அவர் யோசித்தார்: ஆடுவதற்காகப் படிப்பை விட்டது என்னோடு போகட்டும். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. பின்பு 2002இல், புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில், பாடமும் கூத்தும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தரும் குருகுலம் ஒன்றை அவரும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் தொடங்கினார்கள். பையன்களோடு பெண் பிள்ளைகளும் சேர்ந்து கூத்தாடினார்கள். 2020 வரை அந்தக் குருகுலம் நடந்தது. ‘படிப்பா, ஆட்டமா?’ என்ற கேள்வியைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வயது வந்தால் மேடை போய்விடும் என்ற பயம் நமக்குப் புதிதும் அல்ல. நூறு ஆண்டுக்கு முன்னால் சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் முதலில் போட்ட வேடமே சீதை. அந்தக் கம்பெனிப் பையன்கள் எல்லோரும் பயந்தது மகரக்கட்டுக்கு. நேற்று வரை வள்ளியாகப் பாடிக் கைத்தட்டு வாங்கியவனுக்கு இன்று காலையில் தொண்டை உடைந்திருக்கும். ஸ்திரீபார்ட்டு போயிற்று! அப்போது ஒரு நல்ல வாத்தியார் இருந்தால் வேறு வேடம் கொடுத்துக் காப்பாற்றுவார். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு பால சபையில் வளர்ந்த டி.கே. சண்முகம், வளர்ந்து ஆளான பிறகு ஔவைக் கிழவியாக வேடம் போட்டு, ஔவை சண்முகம் என்றே பேர் வாங்கினார். சென்னையில் இன்று ஒரு சாலைக்கே அந்தப் பெயர். மகரக்கட்டோடு அவரை அனுப்பியிருந்தால்?

பரதநாட்டியத்துக்கு வருவோம். இ. கிருஷ்ண ஐயர் வக்கீல். விடுதலைப் போராட்ட வீரர். பரதத்துக்கு அன்றைய பெயரான சதிர் என்றாலே ஊர் முகம் சுளித்த காலத்தில், தானே பெண் வேடம் கட்டி மேடையில் ஆடிக் காட்டினார். சி.வி. சந்திரசேகர் சிறுவனாகக் கலாக்ஷேத்திராவில் சேர்ந்தவர், பரோடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், எழுபது வயதுக்கு மேலும் மேடையில் நின்றார், 2011இல் பத்மபூஷண், 2024இல் மறைந்தார். வி.பி. தனஞ்செயன் கேரளத்தின் பையனூரிலிருந்து வந்தவர். 1939இல் பிறந்தார், கலாக்ஷேத்திராவில் சேர்ந்தது 1953இல். கணக்குப் போடுங்கள். 14 வயது! நம் பையன் சலங்கையைக் கழற்றும் வயதில் அவர் அதைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்.

கடல் கடந்தும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில், பிரிட்டிஷ் அரச குடும்பத்துச் சிறுவன் பாலே கற்கிறான் என்று சொல்லித் தொகுப்பாளர் சிரித்தார். அடுத்த சில நாளில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் முந்நூறு பேர் போலக் கூடி, நடுத்தெருவில் பாலே வகுப்பு நடத்தினார்கள். தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். ஆறு வயது இளவரசனுக்கே அந்தச் சிரிப்பு என்றால், நம் தெருப் பையனுக்கு எவ்வளவு இருக்கும்!

இதே அமெரிக்காவில் 1933இல் டெட் ஷான் என்பவர் ஆண்களை மட்டும் வைத்து ஒரு நடனக் குழு அமைத்தார். உழைப்பாளியின் உடம்பு, விளையாட்டு வீரனின் உடம்பு, இவற்றையே ஆட்டமாக்கி ஊர் ஊராகக் காட்டினார். 1940 வரை குழு ஓடியது. சிரித்தவர்கள் பலர் வாயடைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் அந்த வழியை முழுக்க நம்பாதீர்கள் என்பேன். ‘இதுவும் வீரமான கலைதான், ஆம்பளைத்தனமான கலைதான்’ என்று சொல்லி ஒரு பையனை நிறுத்தி வைத்தால், தாண்டவம் பிடித்தவன் நிற்பான். கண்ணனைக் கொஞ்சும் யசோதையின் பதம் பிடித்தவன் என்ன செய்வான்? அவனுக்கு யார் சமாதானம் சொல்வது? ஆட்டத்துக்கு மீசை ஒட்ட வேண்டாம்.

இப்போது ஷூ கம்பெனித் தோழர்களிடம் வருகிறேன். செருப்பு தைப்பது எந்தக் காலத்தில் பெண்கள் வேலையாக இருந்தது? உங்கள் தாத்தாவிடம் கேட்டிருந்தால் ‘அது ஆம்பளை வேலை’ என்றிருப்பார். இன்று காலையில் பேர்ணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவது யார்? அப்பர் தைக்கும் லைனில் மிஷின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். அந்தச் சம்பளத்தில் வீடு நடக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆண் வேலை, பெண் வேலை என்ற கோட்டை அழித்த ஊர்களில் நம் ஊரும் ஒன்று. தொழிற்சாலைக்குள் அழித்த கோட்டை நடன வகுப்பு வாசலில் மட்டும் ஏன் மறுபடி போடுகிறோம்?

பரண்மேல் கிடக்கும் அந்தச் சலங்கையை இன்று இறக்கிப் பாருங்கள். பித்தளை மணிகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பட்டியைப் பாருங்கள். வரிசை வரிசையாக மணியைத் தாங்குவது தோல் பட்டி. விளிம்பு எப்படி மடித்திருக்கிறது, தையல் எவ்வளவு நெருக்கம், வியர்வை பட்டு எந்த இடத்தில் விறைத்திருக்கிறது, பக்கிள் மாட்டும் ஓட்டை எது வரை போயிருக்கிறது, இதெல்லாம் உங்களுக்கு ஒரு பார்வையில் தெரியும். கடைசி ஓட்டைக்குப் போயிருந்தால் பையன் வளர்ந்துவிட்டான், பட்டி போதவில்லை என்று பொருள். புதுப் பட்டியில் மணியைக் கோத்துக் கொடுக்க ஆம்பூரில் ஆளா இல்லை? மிருதங்கத்துக்கு வாரும் மூட்டும் தோல்தான். தோல் இல்லாமல் ஆட்டம் ஏது?

சில வீடுகளில் சமயக் கட்டுப்பாட்டால் நடனம் வேண்டாம் என்று இருக்கலாம். அது அந்த வீட்டு முடிவு. அதில் தலையிட நான் வரவில்லை. வீடும் மனமும் ஒப்பி ஆடியவன் வெட்கத்தால் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் வழக்கு. உண்மையிலேயே அலுத்துப்போய் விடுகிறானா? விடட்டும். கிரிக்கெட்டுக்குப் போகட்டும், சிலம்பத்துக்குப் போகட்டும். கட்டி இழுத்து ஆட வைப்பது கொடுமை. ஆனால் ‘விட்டால் விட்டதுதான், திரும்பி வராதே’ என்று எந்த ஆசிரியரும் சொல்ல வேண்டாம். பத்தாம் வகுப்பு ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் வந்தால் போதும் என்று சொல்லுங்கள். பரீட்சை முடிந்ததும் அவனே வருவான். பதினாறு வயதில் திரும்பி வருபவனுக்கு உடம்பு ஓரளவு நிலைத்திருக்கும், இறுக்கமும் தளர்ந்துகொண்டிருக்கும்.

பணம் இல்லை என்பார்கள். அரங்கேற்றச் செலவைக் கேட்டே பல வீடுகள் ஒதுங்குகின்றன. அந்த ஆடம்பரம் எனக்கும் உடன்பாடு இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பரதம் உள்ளிட்ட கலைகளைச் சொல்லித் தருகிறார்கள். அரசு இசைப் பள்ளிகளில் பரதநாட்டியத்துக்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. விசாரியுங்கள்.

தகப்பன்மார்களே, பையனிடம் ‘ஏன்டா விட்டே?’ என்று கேட்டு நிற்காதீர்கள். அவன் வாயைத் திறக்க மாட்டான். ‘வர்ற ஞாயித்துக்கிழமை நானும் உன்கூட கிளாசுக்கு வர்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஓரமாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாமன், சித்தப்பன் எவனாவது பையனைக் கேலி செய்தால் அதே இடத்தில், எல்லோர் முன்னாலும், ‘என் பையன் ஆடுவான், உனக்கு இன்னா?’ என்று கேளுங்கள். அதை அம்மா சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். நீங்கள் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களே, 2022 முதல் ஆண்டுதோறும் கலைத் திருவிழா நடத்துகிறீர்கள். இந்த ஆண்டு நடனத்துக்குப் பெயர் எடுக்கும்போது பையன்கள் பக்கம் திரும்பியும் கேளுங்கள். ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்குவான். அவன் பெயரைத் தனியாக எழுதாதீர்கள். இன்னும் இரண்டு பையன்களைத் தேடிப் பிடித்து, மூன்று பெயராக எழுதுங்கள்.